மணி தூங்கினால்தான் வீடு தூங்கும்!

ராத்திரி 2 மணி. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. மூன்று ஏக்கரில் முருங்கையும் தக்காளியும். விடியற்காலையில் எழுந்து தக்காளி பறித்து, பெட்டி கட்டி, மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டிய குடும்பம். ஆனால், வேப்பமரத்தடியில் மணி குரைத்துக்கொண்டிருக்கிறது. 5 நிமிடம் நிறுத்தும். சங்கிலியை இழுத்தபடி வட்டம் போடும். தலையை உதறும். மறுபடி குரைக்கும்.

மூன்று வாரமாக இதே கதைதான். மணி 4 வயது நாட்டு நாய். குட்டியில் ஒரு உழவர் வீட்டிலிருந்து வாங்கி வந்தது. அதுவரை யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. இப்போது வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. அடுத்த தோட்டத்து வீட்டில் ஒரு பெண் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இரண்டு முறை வந்து பேசிவிட்டுப் போனார். மூன்றாவது முறை வந்தபோது அவர் குரலில் மரியாதை குறைந்திருந்தது.

வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றும் வண்டியில் மணியையும் ஏற்றிக்கொண்டு போய், டவுனில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். ஹோட்டல் இருக்கிறது, கறிக்கடை இருக்கிறது, எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்.

"ஏங்க, சின்னவன் கேட்டா என்ன பதில் சொல்றது?" என்றார் மனைவி. வீட்டின் 4 வயதுப் பையனும் மணியும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வளர்ந்தவர்கள். "ஒரு தடவ மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு, அப்புறம் முடிவு பண்ணலாம்."

அரைமனதோடுதான் சம்மதித்தார். மறுநாள் காலை எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கம் மணியை உட்காரவைத்து, அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கிளம்பினார். போகிற வழியில் மெடிக்கலில் நிறுத்தித் தூக்க மாத்திரை கேட்டிருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அது நல்லதாகப் போயிற்று.

முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றி அல்ல

டாக்டரம்மா மணியைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி இதுதான்: "வெறிநாய் ஊசி எப்போ போட்டீங்க?"

குட்டியாக இருந்தபோது ஒரு முறை போட்டது. அதற்குப் பிறகு போடவில்லை. நம் கிராமங்களில் பெரும்பாலான வீட்டு நாய்களின் நிலைமை இதுதான். ஒரு முறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்ற நினைப்பு. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி, டாக்டர் சொல்கிற இடைவெளியில் ஒரு பூஸ்டர், பிறகு வருடம்தோறும் ஒன்று என்பதுதான் பொதுவான முறை.

இந்தக் கேள்வி முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. நன்றாக இருந்த நாய் திடீரென்று நிலைகொள்ளாமல் அலைவது, தூங்காமல் இருப்பது, குணம் மாறுவது எல்லாம் வெறிநோயின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம். கூடவே, கண்ணில் பட்ட கட்டை, கல், சங்கிலி எதையும் கடிக்கும். குரல் மாறிவிடும். விழுங்க முடியாமல் எச்சில் வடியும். தாடை தொங்கும். பின்கால் தள்ளாடும். சில நாய்கள் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் இருட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அந்த மாதிரி நாயை, 'தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது' என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டு ஆபத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக விசாரித்தார். மணி சாப்பிடுகிறதா? சாப்பிடுகிறது. தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது. வீட்டு ஆட்களை அடையாளம் தெரிகிறதா? வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. யாரையாவது கடித்ததா? இல்லை. வேறு நாய் அதைக் கடித்ததா? இல்லை. எத்தனை நாளாக இப்படி? மூன்று வாரமாக.

"வெறிநோயா இருந்தா இவ்வளவு நாள் தாங்காதுங்க" என்றார். அறிகுறி தெரிய ஆரம்பித்த நாய் சாதாரணமாகப் பத்து நாளுக்குள் இறந்துவிடும். மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஆளை அடையாளம் கண்டுகொண்டிருக்கும் நாய்க்கு அந்தப் பயம் இல்லை. காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு, விட்டுப்போன ஊசியை அன்றே போட்டு, அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சொந்த நாயாக இருந்தாலும், கடித்துவிட்டாலோ, பிறாண்டிவிட்டாலோ, காயம் பட்ட இடத்தில் நக்கிவிட்டாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் ஊசியோடு நிறுத்திவிடாமல், சொல்கிற தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். இந்த நோய் வந்த பிறகு வைத்தியம் இல்லை.

காதுக்குள் இருந்தது பாதி காரணம்

அடுத்து டாக்டரம்மா மணியின் காது மடலைத் திருப்பினார். புளித்த வாடை அடித்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று அழுக்கு. காது மடலின் உள்பக்கமும், விரல் இடுக்கிலும், கழுத்துப் பட்டைக்கு அடியிலும் உண்ணிகள். சில, கொட்டைமுத்து அளவுக்கு ரத்தம் குடித்து உப்பியிருந்தன.

"பகல்ல சுத்தி ஆள் நடமாட்டம், சத்தம், ஏதாவது ஒரு வேடிக்கை இருக்கும். நமைச்சல் அவ்வளவா தெரியாது. ராத்திரி எல்லாம் அடங்கினதும் அதுதான் பெருசா தெரியும். நமக்குப் பல்வலி வந்தா ராத்திரிதானே கூடுது? அந்த மாதிரி" என்றார்.

வீட்டுக்காரர் தயங்கியபடியே, காதில் வேப்பெண்ணெய் விட்டதாகவும், உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவியதாகவும் சொன்னார். இரண்டுமே கூடாது. காதுக்குள் சவ்வு கிழிந்திருந்தால் ஊற்றுகிற எண்ணெய் உள்காதுவரை போய்ப் புண்ணை மோசமாக்கும். மண்ணெண்ணெய் தோலைச் சுட்டுவிடும். நாய் அதை நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். அதேபோல, மாட்டுக்கு வாங்கிவைத்த உண்ணி மருந்தை உத்தேசமாகத் தண்ணீரில் கலந்து நாய்க்கு அடிப்பதும், மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தில் கொஞ்சம் நாய்க்குப் போடுவதும் ஆபத்து. நாயின் எடை 15 கிலோவா, 20 கிலோவா என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. மணியை எடை போட்டு, அதற்குத் தகுந்த உண்ணி மாத்திரையைக் கொடுத்தார்கள். வலிப்பு வருகிற நாயாக இருந்தால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில உண்ணி மாத்திரைகள் அப்படிப்பட்ட நாய்களுக்கு ஆகாது.

ஆனால், மாத்திரையோடு வேலை முடிவதில்லை. நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்ததும் கீழே இறங்கி, சுவர் வெடிப்பு, கல் இடுக்கு, மரப்பட்டை என்று பதுங்கிக்கொள்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் மறுபடி நாயைத் தேடி வரும். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் முடியும். நாயைச் சுத்தம் செய்துவிட்டு நாய் படுக்கிற இடத்தை அப்படியே விட்டால், அடுத்த மாதமும் அதே கதைதான்.

வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க அந்த வேலையைப் பார்த்தார். மணி படுத்திருந்த பழைய சாக்கை எரித்தார். திண்ணைச் சுவரின் வெடிப்புகளைச் சுரண்டி, சிமென்ட் வைத்து அடைத்து, சுண்ணாம்பு அடித்தார். வேப்பமரத்தடியில் கிடந்த கல், ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திப் பெருக்கினார். புதுப் படுக்கையாக ஒரு பழைய நூல் சேலையை நாலாக மடித்துப் போட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயப்போட வசதி. வைக்கோலைப் போட்டால் உண்ணிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

கையால் உண்ணி பிடுங்குகிறவர்கள் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நகத்தில் வைத்து நசுக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். உண்ணி அதிகம் இருந்த நாய் சோர்ந்து படுத்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, அது உண்ணிக் காய்ச்சல். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்து, 10 நாள் விட்டு, மறுபடி கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா.

பகல் முழுக்கக் கட்டிவைத்தால்...

"காது சரியானா தூங்கிடும், இல்லீங்களா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பாதி தூங்கும். மீதிப் பாதி உங்க கையிலதான் இருக்கு. மணியோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

அவர் சொல்லச் சொல்ல, விஷயம் தானாகவே வெளியே வந்தது. காலை 6 மணிக்கு மணியைக் கட்டிவிடுவார்கள். நாலடிச் சங்கிலி. நாள் முழுக்க வேப்பமரத்து நிழலில் படுத்துக் கிடக்கும். ராத்திரி 10 மணிக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், மிச்சச் சோற்றில் குழம்பு ஊற்றி வைப்பார்கள். சில நாள் அவிழ்த்துவிடுவார்கள். சில நாள் மறந்துவிடுவார்கள். வாரத்தில் சில ராத்திரிகளில் மோட்டார் போடுவதற்காக 2 மணிக்கு அவர் டார்ச்சோடு கிளம்பும்போது மணியும் கூடவே போய் வரும்.

நாய் மனிதனைப் போல ஒரே மூச்சில் 7 மணி நேரம் தூங்கும் பிராணி இல்லை. தூங்கும், விழிக்கும், காதைத் தூக்கிக் கேட்கும், திரும்பவும் தூங்கும். 1990களில் ஆஸ்திரேலியாவில் வீட்டு நாய்களின் இரவுகளைக் கவனித்து ஒரு ஆய்வு செய்தார்கள். 8 மணி நேரத்தில் சராசரியாக 23 முறை அவை தூங்கி விழித்தன. 16 நிமிடம் தூக்கம், 5 நிமிடம் விழிப்பு என்ற கணக்கு. ஆகவே, நாய் ராத்திரி விழிப்பது குறையே இல்லை. விழித்த பிறகு மறுபடி படுக்கிறதா, இல்லை எழுந்து அலைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பகல் முழுக்கத் தூங்கிக் கழித்த நாய்க்கு, ராத்திரி மறுபடி படுக்க எந்தத் தேவையும் இல்லை. பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்க்கும் வழக்கம் காவலுக்காக வந்தது என்பது சரிதான். அந்த வழக்கத்தையும் வைத்துக்கொண்டு, ராத்திரி நாய் அமைதியாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்த்தால் இரண்டும் சேர்ந்து நடக்காது.

சாப்பாட்டிலும் கோளாறு இருந்தது. 10 மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டால், நடுராத்திரி வெளிக்கு வரும். நாலடிச் சங்கிலியில் கட்டியிருக்கிற நாய் படுக்கிற இடத்திலேயே அசிங்கம் செய்ய விரும்பாது. கத்தி ஆளைக் கூப்பிடும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பு நாய்க்கு ஆகவே ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். காரமும் உப்பும் கூடினால் தண்ணீர் தாகம், அப்புறம் சிறுநீர், அப்புறம் தூக்கம் போச்சு.

இதெல்லாம் ஒருபக்கம் இருக்க, 2 மணிக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதுதான் சுவாரஸ்யம். மோட்டார் போடப் போகிற நாள்களில் அந்த நேரத்துக்கு எழுந்து பழகிய மணி, போகாத நாள்களிலும் அதே நேரத்துக்கு எழுந்து, எசமான் வருவார் என்று காத்திருந்தது. வரவில்லை என்றதும் குரைத்தது. சத்தம் தாங்காமல் வீட்டிலிருந்த பெரியம்மா ஜன்னல் வழியாக ஒரு வறுக்கியைத் தூக்கிப் போடுவார். மணி அதைத் தின்றுவிட்டு அரை மணி நேரம் சும்மா இருக்கும். 2 மணிக்குக் குரைத்தால் வறுக்கி கிடைக்கும் என்பதை இரண்டே வாரத்தில் அது கற்றுக்கொண்டிருந்தது.

மாற்றியது என்ன?

மணியின் நாளைத் தலைகீழாக மாற்றினார்கள். காலையில் தோட்டத்துக்குப் போகும்போது அரை மணி நேரம் வரப்பு வழியாக நடை. சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு அரை மணி நேரம். ஓடவிட வேண்டும் என்பதில்லை. கண்ட இடத்தில் நின்று மோந்து பார்க்க விட்டாலே போதும். மோப்பம் பிடிப்பது நாய்க்கு மூளை வேலை, நன்றாகக் களைத்துவிடும்.

நாலடிச் சங்கிலி போய், வேப்பமரத்துக்கும் தொழுவத்துத் தூணுக்கும் நடுவில் 30 அடிக்குக் கம்பி இழுத்துக் கட்டினார்கள். கம்பியில் ஒரு வளையம், வளையத்தில் சங்கிலி. மணி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கலாம், நிழல் மாறும்போது இடம் மாறிப் படுக்கலாம். இப்படிக் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் வேலியோ சுவரோ திண்ணையோ இருக்கக் கூடாது. நாய் தாண்டிக் குதித்தால் கழுத்து இறுகித் தொங்கிவிடும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைகிற தளர்வு வேண்டும்.

சாப்பாடு காலையில் கொஞ்சம், சாயந்திரம் 6.30 மணிக்கு முக்கால் பங்கு. உப்பு, காரம் போடாத சோறு, அதோடு முட்டை அல்லது எலும்பு நீக்கி வேகவைத்த கறிக்கழிவு. படுக்கப் போகுமுன் 9.30 மணிக்கு ஒரு தடவை வெளியே கூட்டிப்போய் வருவது. தண்ணீர்ச் சட்டியை மட்டும் ராத்திரியும் வைத்தே இருக்க வேண்டும். சிறுநீர் போகும் என்று தண்ணீரை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ள வழியில்லாத பிராணிக்குக் கோடை ராத்திரியில் அது பெரிய கொடுமை.

படுக்கிற இடமும் மாறியது. வேப்பமரத்தடி பாதையைப் பார்த்தபடி இருந்தது. பால் வண்டி, காய்கறி வண்டி, பைக் என்று ஒவ்வொரு விளக்கு வெளிச்சத்துக்கும் மணி எழுந்து குரைத்துக்கொண்டிருந்தது. ராத்திரிக்கு மட்டும் வீட்டின் பின்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றி, பாதைப் பக்கம் ஒரு தென்னந்தட்டி வைத்து மறைத்தார்கள். காவல் போய்விடுமே என்று வீட்டுக்காரருக்குக் கவலை. நாய் காவல் காப்பது கண்ணால் அல்ல, காதாலும் மூக்காலும் என்றார் டாக்டரம்மா. தட்டி அதற்குத் தடையில்லை.

கஷ்டமான பகுதி, வறுக்கியை நிறுத்தியதுதான். 2 மணிக் குரைப்புக்கு யாரும் பதில் கொடுப்பதில்லை என்று முடிவானது. திட்டுவதும் ஒரு பதில்தான், டார்ச் அடிப்பதும் ஒரு பதில்தான். குச்சியால் அடிப்பது எல்லாவற்றையும்விட மோசம், பயந்த நாய் இன்னும் அதிகம் குரைக்கும். முதல் நான்கு ராத்திரி மணி முன்பைவிடக் கூடுதலாகக் குரைத்தது. பழகிய பலன் கிடைக்காதபோது எந்த நாயும் முதலில் முயற்சியைக் கூட்டித்தான் பார்க்கும். பலர் மூன்றாவது நாள் பொறுமை இழந்து எதையாவது தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு நாயின் கணக்கு இன்னும் உறுதியாகிவிடும். இந்த வீட்டில் பெரியம்மாவைத் தடுத்து நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. "வாயில்லா ஜீவன் கத்துது, எப்படிப்பா சும்மா படுத்திருக்கிறது?" என்று மகனோடு சண்டை. அடுத்த தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே போய், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் ராத்திரி குரைப்பு குறைந்தது. காது மருந்து முடிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மணி 2 மணிக்கு எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்வதாக வீட்டுக்காரர் சொன்னார். அன்றுதான் டவுனில் விட்டுவிட நினைத்ததையும் சொல்லியிருக்கிறார். வளர்த்த நாயைக் கொண்டுபோய் விட்டுவருவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஊசி போடாத நாயாக அங்கே போயிருந்தால், தெருநாய்களிடம் கடிபட்டு அது என்ன ஆகியிருக்கும், அது யாரைக் கடித்திருக்கும் என்று டாக்டரம்மா கேட்டாராம். அவரிடம் பதில் இல்லை.

வேறு காரணங்களும் உண்டு

மணிக்குக் காதும் பழக்கமும் காரணம். எல்லா நாய்க்கும் இதுவே பொருந்தாது. சிலவற்றில் விடியும்வரை காத்திருப்பதே தவறு.

எச்சில் ஒழுக, உடம்பு நடுங்கி, தள்ளாடிக்கொண்டு நாய் அலைந்தால், பூச்சிமருந்தோ எலிமருந்தோ உள்ளே போயிருக்கலாம். மருந்து அடித்த வயல், கழுவி ஊற்றிய தண்ணீர், எலிமருந்து தின்று செத்த எலி, எதுவும் காரணமாகலாம். மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியம் சுலபம். எண்ணெய் ஊற்றியோ உப்பு கரைத்துக் கொடுத்தோ வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. முகமோ காலோ திடீரென்று வீங்கி நாய் துடித்தால் பாம்புக்கடியைச் சந்தேகிக்க வேண்டும். கால்நடைகளுக்கான 1962 என்ற எண்ணை அழைத்து விவரம் கேட்கலாம்.

குட்டி போடாத, கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, நிறையத் தண்ணீர் குடித்து, ராத்திரியெல்லாம் சிறுநீருக்கு எழுந்து, சோர்ந்து கிடந்தால், கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். வெளியே சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. அறுவை சிகிச்சைதான் வழி. முன்பே கருத்தடை செய்திருந்தால் இந்த நோய்க்கே இடமில்லை. கடுவனுக்கும் அதனால் பலன் உண்டு. ஊரில் எங்கோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தால் ராத்திரி முழுக்க ஊளையிட்டு, வேலி தாண்டி ஓடி, சண்டையில் கடிபட்டு வருவது பெரும்பாலும் குறையும்.

10 வயது தாண்டிய நாய் ராத்திரி எழுந்து இலக்கில்லாமல் நடப்பது, சுவர் மூலையைப் பார்த்து நிற்பது, ஒன்றுமில்லாததற்குக் குரைப்பது எல்லாம் முதுமையில் மூளை தளர்வதால் வருவது. மூட்டுவலியும் சேர்ந்திருக்கும். தடிப்பான படுக்கை, மங்கலான ஒரு விளக்கு, தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு, இவை ஓரளவு உதவும். வலிக்கு டாக்டர் தரும் மருந்து மட்டும்தான். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கல்லீரலும் கெடும். தூக்க மாத்திரையும் அப்படியே. சில நாய்களுக்கு அது தூக்கத்துக்குப் பதில் வெறியைக் கிளப்பும்.

புதிதாக வாங்கிவந்த குட்டி கத்துவது நோயே இல்லை. அதுவரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிக்கொண்டு தூங்கியது அது. 8 வாரத்துக்கு முன் பிரிக்காமல் இருப்பது நல்லது. வாங்கி வரும்போது தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வரலாம். வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, முதல் சில நாள் ஆள் படுக்கிற இடத்துக்கு அருகிலேயே பெட்டியில் படுக்கவைக்க வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்குமேல் சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரி ஓரிரு முறை வெளியே எடுத்துப்போய், விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டால் போதும். குடற்புழு நீக்க மருந்தை மறக்க வேண்டாம். வயிறு உப்பிய குட்டி தூங்காது.

வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிற நாயை, தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளியே கட்டிப்போடக் கூடாது. வீட்டுக்குள் இருட்டான ஒரு அறையில் விட்டு, ரேடியோவையோ டிவியையோ ஓடவிடலாம். காட்டுப்பன்றி விரட்ட வெடி போடுகிற ஊர்களில் இது வருடம் முழுக்க இருக்கும் பிரச்னை.

சித்திரையில் மணியின் காது மடலில் மறுபடி இரண்டு உண்ணிகள் தென்பட்டன. தொழுவத்துச் சுவரில் ஒரு வெடிப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்காரர் அன்றே சிமென்ட் கரைத்தார். அடுத்த தோட்டத்துப் பெண் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். ராத்திரி மணி குரைத்தால் இப்போது வீட்டுக்காரர் ஒரு நிமிடம் படுத்தபடியே கேட்கிறார். ஒரே திசையைப் பார்த்து, விடாமல், அடிக்குரலில் குரைத்தால் டார்ச்சை எடுக்கிறார். அப்படி எடுத்த இரண்டு ராத்திரிகளில் ஒன்றில் தக்காளிக் காட்டுக்குள் பன்றி. இன்னொன்றில் பக்கத்து வீட்டு மாடு அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தது.